கிளச்ச கழட்ட முதல் கேபிள ஒருக்கா பாருங்க

கேள்வி: அண்ணை, நான் வெள்ளவத்தையில இருக்கிறன், கொட்டாஞ்சேனையில ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். என்ர கார் ஒரு பழைய ஆல்டோ, மெனுவல், 2021இல செகண்ட் ஹேண்டா வாங்கினது, மீட்டர் இப்ப 86,000 காட்டுது, ஆர்பிஎம் முள்ளு இல்லாத மொடல். போன மாசம் கண்டிக்குப் போகேக்க கடுகண்ணாவ ஏத்தத்தில இன்ஜின் கத்துது, கார் ஏறுதில்ல, பிறகு கருகின மணமும் வந்தது. ஒரு மாதிரி மெல்ல மெல்ல ஏறிட்டம். கொழும்புக்குள்ள ஓடேக்க பெருசா தெரியேல்ல, ஆனா பிக்கப் குறைஞ்ச மாதிரி இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முதல் கியர் விழுறது கஷ்டமா இருந்து, வீட்டுக்குப் பக்கத்தில ஒரு மெக்கானிக் பாஸ் கிளச் கேபிள இறுக்கித் தந்தவர், அதுக்குப் பிறகு கியர் நல்லா விழுந்தது. இப்ப ஒரு கராஜில 124,500 ரூபா எஸ்டிமேட் தந்திருக்கினம்: கிளச் செட் 42,000, புது பிளைவீல் 38,000, கேபிள் 6,500, இன்ஜின் மவுண்ட் ரெண்டு 14,000, கியர் ஒயில் 6,000, கூலி 18,000. இன்னொரு இடத்தில பிளேட் மட்டும் மாத்தினா காணும், பிளேட் 11,000, கூலி 12,000 எண்டினம். மாமா சொல்றார் ரெண்டும் வேண்டாம், வித்துப்போட்டு ஓட்டோ கியர் கார் ஒண்டு வாங்கு எண்டு. அடுத்த மாசம் கண்டியில ஒரு கல்யாணம் வேற இருக்கு. என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்துல ரெண்டு எஸ்டிமேட்டும் மாமாட யோசனையும் தான் பெருசா இருக்கு, ஆனா எனக்கு கண்ணுல பட்டது நடுவுல நீங்க போற போக்குல எழுதின அந்த ஒரு வரி தான், கண்டிப் பயணத்துக்கு ரெண்டு மாசம் முதல் கேபிள இறுக்கினது. எஸ்டிமேட் தந்த ரெண்டு பேர்கிட்டயும் இத சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்கன்டு நினைக்கிறேன், அவங்களும் கேட்டிருக்க மாட்டாங்க. கராஜுக்கு வாறவங்க முக்கியமான விஷயத்த கடைசில, காசு குடுக்கிற நேரத்துல தான் சொல்லுவாங்க, முப்பது வருஷமா பாக்கிறேன்.

முதல்ல கிளச் உள்ள என்ன நடக்குது என்டு கொஞ்சம் விளங்கிக்கோங்க, அது விளங்கினா யாரும் உங்கள ஏமாத்த ஏலாது. இன்ஜின் கடைசில பிளைவீல் என்டு ஒரு பாரமான இரும்புச் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்கு மேல கிளச் பிளேட், அந்த பிளேட்ட பிளைவீலோட சேத்து அமத்திப் பிடிக்கிறது பிரஷர் பிளேட், அதுல வட்டமா விரல் மாதிரி ஸ்பிரிங் இருக்கும். நீங்க பெடல மிதிச்சா கேபிள் இழுபடும், கேபிள் ஒரு ஃபோர்க்க இழுக்கும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்க கொண்டு போய் அந்த ஸ்பிரிங் விரல்கள்ல அமத்தும், பிடி விடும், அவ்வளவு தான். கால எடுத்தா ஸ்பிரிங் திரும்ப அமத்திப் பிடிக்கும். அப்ப பிடி சரியா விழணும்னா, கால எடுத்த நேரத்துல பேரிங் அந்த விரல்கள்ல சாஞ்சிக்கிட்டு இருக்க கூடாது. அதுக்காகத் தான் பெடல்ல ஃப்ரீ பிளே என்டு கொஞ்சம் சும்மா ஆடுற இடம் விடுறது.

இப்ப கவனிங்க. பிளேட் தேயத் தேய இந்த ஸ்பிரிங் விரல்கள் பேரிங் பக்கமா வெளிய வரும், அதால ஃப்ரீ பிளே தானாவே குறைஞ்சிக்கிட்டு போகும், கிளச் பிடிக்கிற இடமும் மேல மேல வரும். அதனால கேபிள் கிளச் உள்ள பழைய கார்ல நாள் போகப் போக கேபிள கொஞ்சம் தளத்தத் தான் வேண்டி வரும், இறுக்க இல்ல. உங்கட பாஸ் செஞ்சது அதுக்கு நேர் எதிர். கியர் விழாட்டி கேபிள இறுக்குறது சுகமான வேலை, ஒரு ஸ்பேனர், ரெண்டு நிமிஷம், கியரும் விழும், வந்தவங்களும் சந்தோஷமா போவாங்க. ஆனா அளவுக்கு மிஞ்சி இறுக்கிட்டா, நீங்க கால எடுத்த பொறகும் யாரோ ஒருத்தர் பெடல்ல லேசா கால வச்சிருக்கிற மாதிரி தான் கார் ஓடும். கொழும்புக்குள்ள காலி வீதில இருபது, முப்பதுல ஊருற நேரம் இது தெரியாது. மூணு பேர ஏத்திக்கிட்டு ஏசியையும் போட்டுக்கிட்டு கடுகண்ணாவ ஏறுறப்ப தான் தெரியும். தெரிஞ்சிரிச்சி.

ஆகவே முதல் வேலை, காசு போகாத வேலை: காலைல கார் குளிர்ந்து இருக்கிற நேரம் கிளச் பெடல கையால, காலால இல்ல, கையால அமத்திப் பாருங்க. முதல்ல கொஞ்ச தூரம் ஒரு பாரமும் இல்லாம லேசா போகணும், கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம், அதுக்குப் பிறகு தான் பாரம் தெரியணும். தொட்ட உடனயே பாரமா இருந்தா ஃப்ரீ பிளே இல்ல என்டு அர்த்தம். நல்ல மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போய் கேபிள தளத்தி அளவுக்கு விடச் சொல்லுங்க, இதுக்கு பெரிய கூலி கேட்டா வேற இடம் பாருங்க.

அதுக்குப் பிறகு டெஸ்ட். ஞாயிறு காலைல வெள்ளனயே மரீன் டிரைவ்வுக்கு கார கொண்டு போங்க, உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி தானே. முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம் இல்லாத இடமா பாத்து, நாற்பதுல போறப்ப நாலாவது கியர போட்டுட்டு எக்ஸலேட்டர நல்லா அமத்துங்க. முள்ளு இல்லாட்டியும் பரவால்ல, காது காணும். இன்ஜின் சத்தமும் காரும் ஒண்ணா மெல்ல மெல்ல ஏறினா கிளச் பிடிக்குது. சத்தம் மட்டும் திடீர்னு பாஞ்சி ஏறி, கார் அதே நாற்பதுல நிண்டு, பொறகு சாவகாசமா வந்து சேந்தா வழுக்குது. இத முதலாம் ரெண்டாம் கியர்ல பாக்காதீங்க, கியர் பெருசாகப் பெருசாகத் தான் கிளச்சுக்கு பாரம் கூடும், வழுக்கல் தொடங்குறதும் அங்க தான். சில பேர் ஹேண்ட் பிரேக்க போட்டு மூணாவது கியர்ல கிளச்ச விட்டு இன்ஜின் நிக்குதா என்டு பாப்பாங்க, நிண்டா நல்லம், நிக்காம உறுமிக்கிட்டே இருந்தா கிளச் போச்சி. அதுவும் சரியான டெஸ்ட் தான், ஆனா ஏற்கனவே கருகின பிளேட்ல அத ஒருக்காவுக்கு மேல செய்ய வேணாம், டெஸ்ட் செஞ்சே முடிச்சிருவீங்க.

இன்னொரு விஷயம், பிக்கப் குறைவு என்டு எழுதியிருக்கீங்க. அது எல்லாம் கிளச் இல்ல. எக்ஸலேட்டர அமத்தியும் இன்ஜின் சத்தமே ஏறாம மந்தமா இருந்தா அது ஏர் ஃபில்டர், ஃபியூயல், பிளக், துராட்டில் பக்கம் போய் பாக்க வேண்டிய கேஸ், இல்லாட்டி ஏதாவது ஒரு வீல்ல பிரேக் பிடிச்சிக்கிட்டு இருக்கும், ஓடிட்டு வந்து வீலுக்கு கிட்ட கைய கொண்டு போனா, தொட வேணாம், சூடு அடிக்கிறதுலயே தெரியும். இதுல ஒண்ட கிளச் என்டு நினைச்சு கியர்பாக்ஸ இறக்கினவங்கள நான் பாத்திருக்கேன். கியர் விழ கஷ்டப்பட்டதும் வேற நோய், அது கிளச் வழுக்குறது இல்ல, கிளச் முழுசா விடாதது. கேபிள் உள்ளுக்க நூல் நூலா பிஞ்சிக்கிட்டு வந்தாலும் அப்பிடி வரும், கியர் ஒயில் பழசானாலும் வரும், பிளேட் ஷாஃப்ட்ல இறுகினாலும் வரும். அந்தப் பாஸ் அதுல எதையும் பாத்த மாதிரி தெரியல.

கேபிள தளத்தின பொறகு வழுக்கல் நிண்டா சந்தோஷம், ஆனா முழுசா சந்தோஷப்பட வேணாம். கடுகண்ணாவல மணம் வந்தது என்டா பிளேட்ட ஒட்டியிருக்கிற லைனிங் நல்லா சூடாகியிருக்கு. அப்பிடி சூடான லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும், தடிப்பு மிச்சம் இருந்தாலும் பிடி குறைஞ்சிரும். 86,000 என்டு மீட்டர் சொல்லுது, 2021க்கு முதல் அந்த மீட்டர்ல யார் கை வச்சாங்களோ கடவுளுக்குத் தான் தெரியும். என்ட ஊகம் என்டா, கேபிள் சரி செஞ்சா கொஞ்ச மாசம் கொழும்புக்குள்ள ஓடலாம், அந்த நேரத்துல காசு சேத்துக்கிட்டு, மூணு இடத்துல விலையும் கேட்டுக்கிட்டு, நிதானமா மாத்தலாம். தளத்தின பொறகும் நாலாவது கியர்ல வழுக்குது என்டா தள்ளிப் போட வேணாம். வழுக்குற பிளேட்டோட ஓட ஓட லைனிங் தேஞ்சு ரிவிட் ஆணி வெளிய வந்து பிளைவீல சுரண்டும், அப்ப அந்த 38,000 ரூபா பிளைவீல் கதை உண்மையாயிரும்.

சரி, இப்ப அந்த 124,500க்கு வருவம். அந்த கராஜ்காரர கள்ளன் என்டு நான் சொல்ல மாட்டேன், எஸ்டிமேட்ட பிரிச்சு எழுதித் தந்திருக்கார், அதுவே பெரிய விஷயம். ஆனா கழட்டாமலே பிளைவீல் புதுசு என்டு எப்பிடி எழுதினார்? பிளைவீல் முகத்த கியர்பாக்ஸ் இறக்கினா தான் காணலாம். லேசா மினுக்கம் இருந்தா எமரி பேப்பர் போட்டா காணும், கோடு விழுந்திருந்தா லேத்துக்கு குடுத்து மெல்லிசா சீவி எடுக்கலாம், வெடிப்பு ஓடியிருந்தா, இல்லாட்டி நீல நீலமா சூடு பிடிச்ச புள்ளி ஆழமா இறங்கியிருந்தா மட்டும் தான் மாத்துறது. அந்த வரிய வெட்டிட்டு, கழட்டின பொறகு எனக்கு போன்ல போட்டோ எடுத்து அனுப்புங்க, அதுக்குப் பிறகு தீர்மானிப்பம் என்டு சொல்லுங்க.

கேபிளையும் மவுண்டையும் நான் இப்பிடித் தான் பாப்பேன்: கியர்பாக்ஸ இறக்காம பொறகு மாத்தக் கூடிய சாமான் எதையும் இன்டைக்கே மாத்தணும் என்டு அவசரம் இல்ல, இறக்கினா மட்டும் தான் கை போகும் என்ட சாமான நூறு ரூபாவுக்கு பாத்து விட்டுட்டு பூட்டவே கூடாது. இன்ஜின தாங்கிப் பிடிக்கிற மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கா என்டு இப்பவே லைட் அடிச்சுப் பாக்கலாம், கிழிஞ்சிருந்தா மாத்துங்க, இல்லாட்டி 14,000 உங்கட பேக்ல இருக்கட்டும். கேபிள் லேசா ஓடுது, நுனியில நூல் பிஞ்சில்ல என்டா அதுவும் இருக்கட்டும், ஆனா பெடல் பாரமா, சுரசுரன்டு இருந்தா 6,500 பெருசில்ல, புது கிளச்சுக்கு பழைய கேபிள் ஒரு தொல்லை. இதெல்லாத்தையும் வெட்டினா செட் 42,000, கியர் ஒயில் 6,000, கூலி 18,000, மொத்தம் 66,000. அதோட லேத் காசும், ஒரு சீல் காசும் வரும்.

அந்த சீல் தான் எஸ்டிமேட்ல இல்லாத, ஆனா கட்டாயம் இருந்திருக்க வேண்டிய சாமான். இன்ஜின் பின் பக்கம் கிராங்க் ஒயில் சீல் என்டு ஒரு ரப்பர் வளையம், கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட்டுக்கும் ஒண்டு. இதுல ஒயில் கசிஞ்சா நேரா கிளச்சுக்குத் தான் வரும், ஒயில் பட்ட லைனிங் பிடிக்காது, கழுவினாலும் சரி வராது. நான் வேலை பழகி முடிஞ்சு தனியா செய்யத் தொடங்கின புதுசுல ஒரு வேனுக்கு கிளச் பூட்டினேன், பழைய பிளேட் ஈரமா தான் இருந்திச்சி, தேஞ்சும் இருந்திச்சி, நான் தேய்மானத்த மட்டும் பாத்தேன், சீல கவனிக்கல. மூணு கிழமைல அந்த ஆள் திரும்பி வந்தார், ஒரு வார்த்தை ஏசல, வேன நிப்பாட்டிட்டு திறப்ப மேசைல வச்சிட்டு போயிட்டார். ரெண்டு நாள் கூலி இல்லாம திரும்ப இறக்கி ஏத்தினேன், புது பிளேட்டும் என்ட காசு. சீல் விலை அதுல ஒரு மூலைக்கும் வராது. இப்ப கியர்பாக்ஸ் இறங்கின உடன முதல்ல என்ட விரல் போறது சீலுக்குத் தான்.

ரெண்டாவது ஆள், பிளேட் மட்டும் 23,000. கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த 12,000 கூலி எதுக்கு என்டு யோசிங்க, பிளேட்ட மாத்துறதுக்கு இல்ல, கியர்பாக்ஸ இறக்கி ஏத்துறதுக்கு. டிரைவ் ஷாஃப்ட் ரெண்டையும் கழட்டணும், ஒயில் வடிக்கணும், பெட்டிய இறக்கணும், அரை நாளுக்கு மேல போற வேலை. அப்பிடி இறக்கிட்டு உள்ள பழைய பிரஷர் பிளேட்டையும் பழைய பேரிங்கையும் அப்பிடியே விட்டா, பேரிங் சத்தம் போடத் தொடங்குற அன்டைக்கு திரும்ப அதே 12,000. அதுவும் உங்கட கேஸ்ல மூணு மாசமா அந்த பேரிங் ஸ்பிரிங் விரல்கள்ல உரசிக்கிட்டே சுத்தியிருக்கு என்டா, அத விட்டுட்டு பூட்டுறத நான் கைல எடுக்கவே மாட்டேன். பழைய பிளேட்டுக்கு லைனிங் மட்டும் புதுசா ரிவிட் அடிச்சுத் தாறதும் நடக்குது, லொறிக்கு, பழைய ஜீப்புக்கு சாமான் கிடைக்காத காலத்துல நானும் செஞ்சிருக்கேன், உங்கட காருக்கு செட் தாராளமா கிடைக்குது, தேவையில்ல.

செட் வாங்க பஞ்சிகாவத்தைக்கு நீங்களே ஒருக்கா போயிட்டு வாங்க. பயப்பட ஒண்டும் இல்ல, சேசி நம்பர போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு போய், எஸ்டிமேட்ல உள்ள அதே கம்பெனி செட் என்ன விலை என்டு மூணு கடைல கேளுங்க. முதல்ல கராஜ்காரர்கிட்ட எந்த கம்பெனி என்டு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, சும்மா கிளச் செட் என்டு எழுதினா அது எதுவாவும் இருக்கலாம். ஜப்பான் எக்ஸெடி இருக்கு, பழைய பாஸ்மார் இன்னும் டைகின் என்டு தான் கேப்பாங்க, 1995 வரைக்கும் கம்பெனி பேர் அது தான். வலியோ இருக்கு, காரோட கம்பெனி பெட்டில வாற ஜெனுவினும் இருக்கு. இதே பேர் அடிச்ச போலிப் பெட்டியும் இருக்கு, அச்சு மங்கலா, எழுத்துப் பிழையோட, விலை பாதியா இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க. பில் இல்லாம வாங்க வேணாம், பில்லுல வாட் வரி சேந்ததா சேராததா என்டு முதல்லயே கேளுங்க, 2024 ஜனவரில இருந்து அது 18 வீதம், 42,000க்கு மேல போட்டா 7,560 ரூபா கூடும். அந்த 42,000 கூடவா குறைவா என்டு நான் இங்க இருந்து சொன்னா பிழையாப் போகலாம், 2022ல ரூபா விழுந்த நாள்ல இருந்து போன கிழமை விலை இந்தக் கிழமைக்கு சரி வருமா என்டு கடைக்காரருக்கே தெரியாத மாதிரி ஒரு காலம் இருந்திச்சி, இப்ப கொஞ்சம் நிதானம், ஆனாலும் கேட்டுப் பாத்தா தான் தெரியும். ஒரு விஷயம் ஒளிக்காம சொல்றேன், கராஜ்காரர் சாமான் எடுத்தா கடையில அவருக்கு கொஞ்சம் கழிவு கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். அதுக்கு பதிலா சாமான் பிழைச்சா திரும்ப பூட்டித் தாற பொறுப்பு அவர்ட தலைல. நீங்க வாங்கிக் குடுத்தா, சாமான் பிழை, கூலி தாங்க என்டு கேக்க அவருக்கு வழி இருக்கு. வித்தியாசம் நாலாயிரம் ஐயாயிரம் தான் என்டா அவரயே எடுக்க விடுங்க, பதினைஞ்சாயிரம் என்டா பேசுங்க.

பூட்டுற அன்டைக்கு ஏலும்னா பக்கத்துல நில்லுங்க, டீச்சர் ஒருத்தங்க பக்கத்துல நிண்டா எங்கட பொடியன்மார் கொஞ்சம் ஒழுங்கா தான் வேலை செய்வாங்க. பழைய பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் கைல வாங்கிப் பாருங்க. லைனிங் ரிவிட் தலை மட்டத்துக்கு தேஞ்சிருக்கா, ஒயில் ஈரம் இருக்கா, பேரிங்க சுத்தினா கரகரன்டு சத்தம் வருதா என்டு அவங்களே காட்டணும். கிளச் தூசிய ஏர் அடிச்சு ஊதுறாங்க என்டா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அது நெஞ்சுக்கு கூடாத தூசி. பிளேட்ட நடுவுக்கு எடுக்க ஒரு சென்டர் கோல் போடணும், ஷாஃப்ட் பல்லுக்கு கிரீஸ் பூசினா பூசின மாதிரியே தெரியக் கூடாது, கூடினா சுத்துற வேகத்துல தெறிச்சு லைனிங்ல போய் ஒட்டும்.

கார வித்துட்டு ஓட்டோ வாங்குற கதை உங்களுக்கும் மாமாவுக்கும் இடையில. 2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதி திறந்தாலும் வரியோட சேத்துப் பாத்தா நம்மள மாதிரி ஆக்களுக்கு எட்டுற விலை இல்ல. செகண்ட் ஹேண்ட்ல ஏஜிஎஸ் என்டு வாற காரப் பாத்து ஓட்டோ தானே என்டு வாங்கிடாதீங்க, அதுலயும் இதே கிளச் பிளேட் தான் இருக்கு, மிதிக்கிறது மட்டும் உங்கட காலுக்கு பதிலா ஒரு மெஷின், அது பழுதானா பில் இத விட பெருசு. 66,000க்கும் கொஞ்சம் மேல போட்டு ஓடக் கூடிய கார, வழுக்குது என்ட காரணத்துக்காக வித்தா வாங்குறவன் கழிக்கிறது ரெண்டு மடங்கு.

ஓட்டுற பழக்கத்தப் பத்தி ஒண்டே ஒண்டு. ஆமர் வீதிச் சந்தியில லைட்டுக்கு நிக்கிறப்ப நீங்க முதலாம் கியர்ல கிளச்ச மிதிச்சிக்கிட்டு தான் நிப்பீங்க என்டு நினைக்கிறேன், எல்லாரும் அப்பிடித் தான். நியூட்ரலுக்கு எடுத்து கால கீழ வைங்க. ஏத்தத்துல ஹாஃப் கிளச்ல கார தொங்கவிடாம ஹேண்ட் பிரேக்க இழுங்க. ஓடுறப்ப இடது கால் பெடலுக்கு மேல ஓய்வெடுக்கக் கூடாது. புது கிளச் பூட்டினா முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பாரம் ஏத்தாம, எக்ஸலேட்டர அடிச்சு எடுக்காம ஓடுங்க, லைனிங்கும் பிளைவீலும் முகத்துக்கு முகம் ஒத்து வர அவ்வளவு தூரம் வேணும்.

அதனால தான் சொல்றேன், அடுத்த மாசக் கல்யாணத்துக்கு கார எடுக்காதீங்க, பஸ்ல போங்க. பழைய கிளச்சோட போனா கடுகண்ணாவல நிப்பீங்க, போன கிழமை பூட்டின புது கிளச்சோட மாமாவையும் மாமியையும் சீர்தட்டையும் ஏத்திக்கிட்டு போனா அதையும் கருக்கிக்கிட்டு வருவீங்க. ஞாயிறு காலை டெஸ்ட் செஞ்சு பாத்துட்டு, கேபிள் தளத்த முதல் எப்பிடி, தளத்தின பொறகு எப்பிடி என்டு ரெண்டையும் எழுதி அனுப்புங்க. பெடல்ல எவ்வளவு ஆட்டம் இருந்திச்சி என்டும் மறக்காம போடுங்க.